பிரெஞ்சுக் காரின் பெல்ட்டும் என் பிளட் பிரஷரும்

பழைய பிரெஞ்சுக் கார் வைத்திருப்பது ஒரு முழுநேர உத்தியோகம். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ராஜினாமா கொடுத்தால் வாங்கிக்கொள்ளவும் ஆள் கிடையாது.

வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக நம் ஊரில் வந்து இறங்கிய வருஷங்களில் ஆசைப்பட்டு ஒரு வண்டி வாங்கி, வந்த கம்பெனி வந்த வேகத்திலேயே மூட்டை கட்டிவிட, வண்டியும் கையுமாகத் தெருவில் நின்ற குடும்பங்கள் உண்டல்லவா? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் தாராளமாகப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு இது பிழைப்பு.

எங்கள் வீட்டுச் சிக்கல் இதுதான். என் வீட்டுக்காரர் நாற்பத்தெட்டு வயதில், இருந்த வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ரேணிகுண்டாவில் புதிதாக வந்த ஒரு தனியார் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். முதல் ஆறு மாதம் தற்காலிகம். காலை ஏழு மணிக்கு கேட்டுக்குள் நிற்க வேண்டும். தாமதம், லீவு என்று பேச்செடுத்தால் வேலை நிரந்தரமாகாது. நாங்கள் இருந்ததோ சித்தூரில். எண்பது கிலோமீட்டர். மகள் இன்டர் கடைசி வருஷம், அதாவது தமிழ்நாட்டுப் பிளஸ் டூ; பரீட்சை முடியும்வரை வீடு மாற்ற வழியில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருப்பதியில் மாறினாலும் போய்ச் சேர ஏழே முக்கால் ஆகிவிடும். ஆகவே கார் ஓடினால் வேலை உண்டு. கார் நின்றால் வேலை இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டாக்டர் அமெரிக்கா போனார்

அந்த வருஷம் திருப்பதியில் அமெரிக்கா போகாத டாக்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிக் கிளம்பிக்கொண்டிருந்த ஒருவர் தன் பிரெஞ்சுக் காரை மலிவாகத் தள்ளிவிடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். வெள்ளை வண்டி, டீசல். சீட்டில் உட்கார்ந்ததுமே என் வீட்டுக்காரர் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், ஏசி குளிருமா, மலை ஏறுமா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் டாக்டர், "பரவாலேது சார், ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். மீட்டரைக் காட்டினார். நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர்.

பழைய வண்டியை எடை போட ஆண்களிடம் ஒரு சடங்கு இருக்கிறது. கதவைச் சாத்திச் சத்தம் கேட்பார்கள். பானெட்டைத் திறந்து, ஒன்றும் புரியாமல், கிணற்றுக்குள் விழுந்த சொம்பைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்ப்பார்கள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். இவர் மூன்றையும் முடிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "இதைச் செஞ்ச கம்பெனியையே மூடிட்டாங்களாமே டாக்டர், நாளைக்கு ஒரு சாமான் உடைஞ்சா யார்கிட்ட போய் நிக்கறது?" என்று கேட்டேன். அவர் சூட்கேஸ் வாரை இறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கம்பெனிதான் மேடம் போயிடுச்சு. கார் எங்கயும் போகாது."

சத்தம் போடாத பட்டை

கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்கள் மண்டையில் ஏற்றியது ஒன்றே ஒன்று: கேள்வித்தாளைக் கடைசி வரிவரை படிக்காமல் பேனாவைத் தொடக் கூடாது. அதனால் வண்டியோடு வந்த இங்கிலீஷ் கையேட்டை எங்கள் வீட்டில் படித்தது நான் ஒருத்திதான். இவர் அதை டாஷ்போர்டில் வெயிலுக்கு மறைப்பாக வைத்திருந்தார். உள்ளே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: எண்பதாயிரம் கிலோமீட்டருக்குள் டைமிங் பெல்ட்டைக் கட்டாயம் மாற்றவும்.

டைமிங் பெல்ட் என்றால் என்ன என்று எங்கள் மெக்கானிக் பாஷா பாயைக் கேட்டேன். அம்பாசிடரைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்து மாட்டுவார். இந்த வண்டியின் பானெட்டைத் திறக்கும்போது மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு மூடியைத் தட்டிக் காட்டினார். அதற்குள் பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை ஓடுகிறதாம். அது அறுந்தால் வால்வெல்லாம் வளைந்து, எஞ்சினையே பிரிக்க வேண்டும். சாமான் கிடைக்க இரண்டு மாதமும் ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். "அறுந்துடப் போகுதுன்னு முன்னாடியே தெரியாதா பாய்?" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மத்த வண்டில செயினும்மா. ஒரு மாசம் முன்னாலயே கத்தி ஊரைக் கூட்டும். இது மூச்சே காட்டாது. நல்லா போய்க்கினே இருக்கும், ஒரு நாளு பட்டுனு வுட்டுட்டு போயிடும்."

நகராத மீட்டர்

நாற்பத்தோராயிரம்தானே ஆகியிருக்கிறது, இன்னும் ஏறக்குறைய அவ்வளவு பாக்கி, ஆறு மாதம் தாங்கிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இருந்தாலும் ஜுரம் பார்ப்பதுபோல் தினம் சாயங்காலம் அவர் வந்து இறங்கியதும் முன் சீட்டில் ஏறி மீட்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். திங்களன்று என்ன எண்ணோ அதே எண் செவ்வாயும். புதனும் அதே. வியாழக்கிழமை இறங்கி நேரே குழாயடிக்குப் போனேன். முகத்தில் சோப்போடு நின்றுகொண்டிருந்தார். "ஏங்க, தினம் நூத்தறுபது கிலோமீட்டர் போயிட்டு வரீங்க, அந்த மீட்டர் ஏன் அசையவே இல்ல?"

சோப்புக்குள்ளிருந்து பதில் வந்தது: "ஒயரைக் கழட்டி வெச்சிருக்கேன்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் பக்கத்தில் கார் வாங்குகிறவர்கள் வாங்கிய அன்றே அதை விற்கும் நாளையும் யோசித்துவிடுவார்கள். மீட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றி வைத்தால் வண்டி எவ்வளவு ஓடினாலும் எண் ஏறாது. பிற்பாடு விலை இறங்காது. "யாரு இந்த யோசனை குடுத்தது?" என்றேன். "டாக்டரோட டிரைவர்தான். வண்டியை ஒப்படைக்கறப்போ காட்டிக் குடுத்தான். வெளியூர் போறப்பல்லாம் அவங்களும் இப்படித்தான் கழட்டுவாங்களாம்."

நாற்பத்தோராயிரம் என்பது டாக்டர் சொன்ன பொய். அதன்மேல் இவர் வாங்கிய நாளாக ஓட்டியது சேர்த்தியில்லை. அந்த பெல்ட் அறுபதாயிரம் ஓடியிருக்கலாம், ஒன்றரை லட்சமும் ஓடியிருக்கலாம். நாளைக் காலை சந்திரகிரி தாண்டும்போது அறுந்தாலும் யாரையும் கேட்க முடியாது. ஒயரை உடனே மாட்டச் சொல்லி நான் போட்ட கத்தலில் எதிர் வீட்டில் விளக்குப் போட்டார்கள். இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "எதுக்கு இப்போ கத்தற வசந்தா? வண்டிக்கு வயசு ஏறாம பாத்துக்கறது தப்பா?"

வெதுருகுப்பத்தில் துக்கம் விசாரித்தது

புது பெல்ட்டுக்குத் திருப்பதியில் அலைந்தோம், மெட்ராசுக்குச் சொல்லியனுப்பினோம். எல்லாக் கடையிலும் கையை விரித்தார்கள். இனி செத்த வண்டியிலிருந்து எடுத்தால்தான் உண்டு என்றார் பாஷா பாய். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் இந்த வண்டி வைத்திருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். எதிரெதிரே வந்தால் பட்டப்பகலிலும் லைட்டைப் போட்டுக் கும்பிட்டுக்கொள்வோம், ஒரே வியாதிக்காரர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சிரித்துக்கொள்வதுபோல்.

அந்த ஏழில் ஒருவர் வெதுருகுப்பத்து மாந்தோப்புக்காரர். அவர் வண்டி புளியமரத்தில் மோதி முன்பக்கம் நசுங்கிவிட்டது, அவருக்குக் கால் முறிந்துவிட்டது என்று தகவல் வந்தது. இவருக்கு லீவு கிடையாது. நான் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் மாட்டுக்கொட்டகையில் நின்ற வண்டியைச் சுற்றி எனக்கு முன்னாலேயே இரண்டு பேர், தலையை பானெட்டுக்குள் விட்டுக்கொண்டு. கதவுக் கைப்பிடிகளைக் காணோம். ஒரு ஹெட்லைட்டும் போயிருந்தது. மனிதர் உள்ளே கட்டிலில் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு, "ரேடியேட்டரையாவது வுட்டு வெய்யுங்கய்யா" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று நினைத்துக்கொண்டு போய், "கால் எப்படிங்க இருக்கு? பெல்ட் எப்போ மாத்தினது?" என்று ஒரே மூச்சில் கேட்டுத் தொலைத்தேன்.

அவர் மனைவி மோர் டம்ளரை என் கையில் கொடுத்தாள். என் பையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பெல்ட்டா? அது காலைல மொத பஸ்ஸுக்கே போயிடுச்சிக்கா. சாத்துக்குடி வாங்கிக்கினு வர்றவங்க அத்தனை பேரும் ஸ்பானரும் எடுத்துக்கினுதான் வராங்க."

ஒரு ரிங்

செல்போன் எல்லாம் அப்போது எங்களைப் போன்றவர்கள் கைக்கு வரவில்லை. புத்தலப்பட்டில் ரோட்டோரமாக ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. இவர் சாயங்காலம் திரும்பும்போது அங்கே நிறுத்தி, எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார். நான் எடுக்கக் கூடாது. ரிங் வந்தால் வண்டி புத்தலப்பட்டு வரை உயிரோடு வந்துவிட்டது, இன்னும் அரை மணியில் வீடு என்று அர்த்தம். ஐந்து மணியிலிருந்தே நான் போன் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். அந்த ஆறு மாதத்தில் எங்கள் வீட்டில் கீரை தின்ற தின்னலுக்கு மகள் மாடாகப் போயிருக்க வேண்டும்.

நான்காவது மாதம் ஒரு நாள். ஐந்தரைக்கு ரிங் வந்தது. தோசைக்கல்லை அடுப்பில் போட்டேன். ஆறு ஆயிற்று. ஆறரை. கல்லை இறக்கி வைத்தேன். மகள் புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்கு வந்தாள். "நைனாதான் புத்தலப்பட்டு தாண்டிட்டாரேம்மா, அப்புறம் நடுவுல எங்க போனாரு?" என்றாள். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழேகாலுக்கு மாம்பழக் கூழ் ஏற்றும் லாரி ஒன்று தெருமுனையில் நின்றது. அதிலிருந்து இவர் இறங்கினார், சட்டையெல்லாம் கரி. முதலில் பெல்ட்டா என்றுதான் கேட்டேன். இல்லையாம், தண்ணீர் போகும் ரப்பர்க் குழாய் கிழிந்துவிட்டதாம், வண்டி பாகாலா பக்கம் நிற்கிறதாம். மறுநாள் விடியும் முன்னே எதிர் வீட்டு ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு, காதில் மஃப்ளர் கட்டி எண்பது கிலோமீட்டர் போனார். ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கேட்டுக்குள் நுழைந்தார். பாஷா பாய் போய்க் குழாயை மாற்றி வண்டியைக் கொண்டுவந்தார்.

ஆனால் என்னை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. வண்டி புத்தலப்பட்டுக்கு முந்தின பாகாலாவையே தாண்டவில்லை என்றால், புத்தலப்பட்டிலிருந்து ரிங் விட்டது யார்? பூத்துக்கு போன் போட்டேன். பூத்துக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: "சார் இப்பல்லாம் எறங்கறதே இல்ல மேடம், லைட்டு போட்டுக்கினு போவாரு, நான் ரிங்கு குடுத்துடுவேன். அன்னிக்கு லைட்டு காணோம். அஞ்சரை ஆயிடுச்சே, பாவம் மேடம் காத்துக்கினு இருப்பாங்களேன்னு நானே அடிச்சிட்டேன்."

பாரிஸ் போன சீட்டு

எதிர் வீட்டு சரோஜாவின் மகன் கம்ப்யூட்டர் வேலையாக மூன்று வாரம் பாரிஸ் போனான். சொந்தக்காரர்கள் சென்ட் கேட்டார்கள், சாக்லேட் கேட்டார்கள். நான் பெல்ட் நம்பரும் சேசிஸ் நம்பரும் எழுதிய சீட்டை அவன் சட்டைப் பையில் வைத்து ஊக்குப் போட்டு அனுப்பினேன். நல்ல பிள்ளை, வாங்கிக்கொண்டு வந்தான். அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு முழம் ரப்பர். இதற்கா இத்தனை நாள் இரத்தம் சுண்டினேன் என்று இருந்தது. "கடையில சுலபமா கெடைச்சுதாப்பா?" என்றேன். "கெடைச்சுது ஆன்ட்டி. ஆனா இந்த வண்டி இன்னும் எங்கயாவது உயிரோட இருக்கான்னு கடைக்காரன் ரெண்டு வாட்டி கேட்டான்."

ஒட்டிக்கொண்ட பக்கம்

பெல்ட் வந்துவிட்டது. மாட்டுவது யார்? பாஷா பாய் அதுவரை இந்த வேலை செய்ததில்லை. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் சாவி போட்ட நிமிஷம் எஞ்சின் போய்விடும். மாட்டாமல் விட்டாலும் எப்போது போகும் என்று தெரியாது. வேலை நிரந்தரமாக இன்னும் ஐந்து வாரம் இருந்தது. டாக்டர் விட்டுப்போன சாமான்களில் தடித்த இங்கிலீஷ் ரிப்பேர் புத்தகம் ஒன்றும் கிடந்தது, யாரோ ஆயில் கையோடு புரட்டியது. "நீ படிச்சி தமிழ்ல சொல்லும்மா, நான் செய்யறேன்" என்றார் பாய். வாரத்துக்கு வண்டி ஓடாத நாள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இவர் எங்கள் இருவருக்கும் நடுவில் டீ கொண்டுவந்து கொடுத்துக்கொண்டு, யாராலும் கவனிக்கப்படாமல் நின்றார்.

"எட்டு மில்லிமீட்டர் பின்னை அந்த ஓட்டையில விட்டு வீல் சுத்தாம நிறுத்தணுமாம்." பாய் ஒரு டிரில் பிட்டைத் திருப்பிச் செருகினார். "நாங்கல்லாம் சுண்ணாம்பு வெச்சி மார்க் பண்ணிக்குவோம்மா, அது போதும்" என்று முணுமுணுத்தார். "புத்தகத்துல சுண்ணாம்பு இல்ல பாய், பின்னுதான் இருக்கு" என்றேன். மூடியைக் கழற்றிப் பழைய பெல்ட்டை எடுத்து மடக்கிக் காட்டினார். பல்லுக்குப் பல் நடுவில் வெடிப்பு, பித்த வெடிப்புக் காலைப்போல். எவ்வளவு ஓடியிருக்கும் என்று கேட்டேன். பாய் அதை இவர் கையில் கொடுத்தார். இவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

புதியது மாட்டியாயிற்று. மூடியும் போட்டாயிற்று. இவர் சாவியோடு உள்ளே உட்கார்ந்தார். புத்தகத்தை மூடப் போனேன். கான்வென்ட் பழக்கம், பக்க எண்ணில் கண் போனது. நாற்பத்தைந்துக்கு அடுத்து நாற்பத்தெட்டு. நடுவில் இரண்டு தாள் ஆயிலில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் போட்ட "நிறுத்துங்க!" கேட்டுப் பக்கத்து டீக்கடையில் கண்ணாடி டம்ளர் உடைந்தது. தாளைப் பிரித்துப் படித்தேன். சாவி போடும்முன் கையாலேயே எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றி, பெல்ட்டை இறுக்கும் உருளையைத் தளர்த்தி, மறுபடி இறுக்கச் சொல்லியிருந்தது. பாய் மூடியைத் திரும்பக் கழற்றினார். சுற்றிப் பார்த்தால், பெல்ட் ஒரு பக்கம் தொளதொளவென்று தொங்கியது. அப்படியே சாவி போட்டிருந்தால் ஐந்து மாத வேலை அந்த இடத்திலேயே போயிருக்கும், என் அவசரத்தால்.

திரும்ப இறுக்கி, திரும்பச் சுற்றி, நான் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்து, சாவி போடும்போது மத்தியானம் மூன்று. எஞ்சின் ஒரு முறை இருமியது. பிறகு ஓடியது. பாய் ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா கான்வென்ட்டும்மா அது? வெரல்ல எச்சி தொட்டு பக்கம் திருப்பக்கூடவா சொல்லிக் குடுக்கல?"

நிரந்தரம்

ஆறு மாதம் முடிந்த அன்று இவரை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் அன்று மத்தியானமே கீரையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். கையில் உறை. வேலை நிரந்தரம். மகள் குதித்தாள். நான் அடுப்படிக்குப் போய், யாரும் பார்க்காமல், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். மேனேஜர் வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மேனேஜர் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: "அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தும் ஒரு நாள்கூட ஏழு மணி தாண்டலையே நீங்க! அந்த மாதிரி நம்பகமான வண்டியா ஒண்ணு எனக்கும் பாத்துக் குடுங்க."

ஆகவே தோழிகளே, ஒரு பழைய கார் நாள் தவறாமல் ஓடுகிறது என்று யாராவது பெருமைப்பட்டுக்கொண்டால், எஞ்சினுக்குப் பதிலாக அந்த வீட்டில் வேறு யாரோ சூடேறிக்கொண்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.